புகையிலை மூலதனமும் மகளிர் டெனிஸும்: சிக்காகோ உள்ளரங்கப் போட்டி குறித்து

விளையாட்டினைச் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்ட தூய பொழுதுபோக்காகக் கொள்ளும் நோக்கு நம்மிடையே இன்றும் வலுவாகவே உள்ளது. 1971 முதல் 1997 வரை சிக்காகோவில் நடைபெற்று மறைந்த மகளிர் தொழின்முறை டெனிஸ் போட்டியின் வரலாறு இந்நோக்கினை ஐயுறச் செய்வது.

1970இல் லொஸ் ஏஞ்சலிஸ் பசிபிக் தென்மேற்குப் போட்டிக்கு ஆடவருள் வெல்பவருக்கு 12,500 டொலரும் மகளிருள் வெல்பவருக்கு 1,500 டொலரும் பரிசாக அறிவிக்கப்பட்டன. கூலி வேறுபாட்டின் அப்பட்டமான வடிவம் இது. இதனை எதிர்த்துப் பில்லி ஜீன் கிங் முதலான ஒன்பது வீராங்கனைகள், சஞ்சிகை வெளியீட்டாளர் கிளாடிஸ் ஹெல்ட்மனுடன் ஒரு டொலர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டு, செப்தெம்பரில் ஹூஸ்டனிலே தனிப்போட்டி கண்டனர். அதற்குக் கைகொடுக்க முன்வந்தது பிலிப் மொறிஸ் என்னும் புகையிலை நிறுவனம். 1968இல் பெண்களுக்கென்றே அது சந்தைக்கு விட்ட 'வெர்ஜீனியா சிலிம்ஸ்' சிகரெட்டின் பெயரையே போட்டிகளும் ஏற்றன.

இவ்விடத்தே ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். 1971 ஜனவரி 2 முதல் ஐக்கிய அமெரிக்காவில் வானொலி, தொலைக்காட்சிச் சிகரெட் விளம்பரங்கள் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டன. விளம்பரமாக ஒலிக்கவியலாத பெயர் விளையாட்டுச் செய்தியாக ஒலிக்கலாயிற்று! பெண்விடுதலை என்ற முழக்கமே விற்பனைச் சரக்காயிற்று. எனினும் வீராங்கனைகள் பெற்றதும் பொய்யன்று. அதே 1971இல் கிங் ஓராண்டில் இலட்சம் டொலர் ஈட்டிய முதல் விளையாட்டு வீராங்கனையானார். மூலதனத்தின் தேவையும் உழைப்போரின் கோரிக்கையும் சிலபோது ஒரே பாதையிற் செல்லும். அதனால் அவற்றின் நலன் ஒன்றாகிவிடாது.

சிக்காகோப் போட்டி இச்சுற்றின் குளிர்காலக் கண்ணிகளுள் ஒன்று. அரங்கினுள் விரிக்கப்பட்ட செயற்கைக் கம்பளத்திற் பந்து தாழ்ந்து விரைந்து செல்லும். பந்தைத் தொடக்கியடித்தவுடன் வலையை நோக்கிப் பாய்பவருக்கு அது உகந்த தளம். 1975இல் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து வெளியேறிய இடக்கை வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவா இங்கு பன்னிரு முறை வென்றமைக்கு அவரது திறனோடு இத்தளமும் காரணமெனலாம். 1992இல் இவ்வரங்கிலேயே யானா நொவோட்னாவை வென்று தமது 158ஆவது பட்டத்தைப் பெற்ற அவர், கிறிஸ் எவர்ட்டின் 157 என்ற எண்ணிக்கையைக் கடந்தார்.

இதற்கிடையே, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெண்களின் புற்றுநோய் மரணங்களுள் நுரையீரற் புற்றுநோய் முதலிடத்தை எய்தியிருந்தது. 1990இல் நாட்டின் சுகாதாரச் செயலாளர் லூயிஸ் சலிவனே இவ்வனுசரணையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். சிக்காகோப் போட்டி இறுதியாண்டுகளில் அமெரிடெக் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரைத் தாங்கி, 1997உடன் நின்றுபோயிற்று.