குட்டிகளின் பின்னங்கால் தள்ளாட்டம்: காரணமும் தடுப்பும்

சில மந்தைகளில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகள் கண்ணும் காதும் நன்றாக இருந்தும் எழுந்து நிற்க இயலாமல் பின்னங்கால்கள் துவண்டு விழும். வேறு சில, நன்றாகப் பிறந்து சில வாரங்கள் கழித்துத் தள்ளாடத் தொடங்கும். ஓட்டினால் பின்பகுதி பக்கவாட்டில் சாயும். கிடாவின் குறை என்றோ கண்ணேறு என்றோ இதைக் கருதுவோர் உண்டு. ஆனால் சினைக்காலத்தில் தாய் ஆட்டுக்குத் தாமிரச் சத்து போதாமல் போவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

தண்டுவட நரம்பிழைகளின் மேல், மின்கம்பியின் மேலுறை போல, கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. குட்டி கருவில் இருக்கும்போதே இது உருவாகத் தொடங்குகிறது. இதற்குத் தாமிரம் தேவை. அது குறைந்தால் உறை சரிவர அமையாது. மூளையின் கட்டளை பின்னங்கால்களுக்குச் சரியாக எட்டாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறிக் குட்டிகளுக்கு வந்த இந்நோய்க்குத் தாமிரக் குறைவே காரணம் என்று பென்னட்ஸ் என்ற கால்நடை விஞ்ஞானி 1937-இல் எடுத்துக்காட்டினார். தீவனத்தில் தாமிரம் இருந்தாலும், மாலிப்டினம், கந்தகம், இரும்பு ஆகியவை மிகுந்தால் அது உடலில் சேராது.

நோயை அறிதல்

கால் விழும் குட்டிகளுக்கெல்லாம் இதுவே நோய் என்று முடிவு செய்யலாகாது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் தொப்புள் வழியாகக் கிருமி புகுந்திருக்கலாம். உடல் விறைத்துத் தாடை இறுகினால் ரண ஜன்னியாக இருக்கலாம். குட்டி இறந்தால் உடனே புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈரலைச் சோதித்தால் தாமிரக் குறைவு தெரியும்.

தடுப்பு முறைகள்

கெட்ட நரம்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆகவே, குட்டிக்கு மருந்து தேடுவதைவிடத் தாயைக் கவனிப்பதே மேல். ஆட்டின் சினைக்காலம் சுமார் 5 மாதம். மருத்துவர் தாமிரக் குறைவை உறுதி செய்தால், அவர் கூறும் அளவில் சினை ஆடுகளுக்குத் தாமிரம் கொடுக்க வேண்டும். குட்டி பிறக்கும் வரை காத்திருத்தல் கூடாது.

எச்சரிக்கை

மயில்துத்தத்தைக் கைக்கணக்கில் கரைத்து ஊற்றுவது ஆபத்து. குறிப்பாகச் செம்மறிகளுக்கு மிகுதியான தாமிரம் நஞ்சாகும். அது ஈரலில் மெல்லச் சேர்ந்து, திடீரென ஒரு நாள் கண் மஞ்சளித்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஆடு இறக்க நேரிடும். எனவே மாட்டுக்கென்று தயாரித்த தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்கலாகாது. போர்டோ கலவை தெளித்த தோட்டத்தில் மேய்க்கவும் கூடாது.