கொட்டகைக் காரும் கெட்டுப்போன பெற்றோலும்

டென்மார்க்கின் விபோர்க் நகர வீதிகளில் குளிர்காலத்துக்கு உப்புத் தூவத் தொடங்குமுன், பழைய கார் வைத்திருப்பவர்கள் காரைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். உப்புத் தண்ணீர் தகரத்தை அரித்துவிடும் என்ற பயம். ஏப்ரலில் கதவைத் திறந்தால் தகரம் பத்திரமாக இருக்கும். தாங்கிக்குள் கிடந்த பெற்றோல்தான் கெட்டிருக்கும்.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் கார்கள் ஆண்டுக்கணக்காக நின்றன. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்த பிறகு, தனியார் கார்களுக்குப் பெற்றோல் கிடைக்காமல் போனது. ரயர் பழுதாகாமல் இருக்க, கார்களைக் கட்டைமேல் தூக்கி வைத்தார்கள். ஓடியே ஆக வேண்டிய வண்டிகளில் உலை பூட்டி, மரத்துண்டுகளைப் புகையவிட்டு, அந்த வாயுவில் ஓட்டினார்கள். பெற்றோல் அவ்வளவு அரிதாக இருந்தபோது, நிறுத்திய காரின் தாங்கியில் அதை விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்?

எரிபொருள் தட்டுப்பாட்டை இலங்கைத் தமிழரான எங்களில் பலரும் அறிவோம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். குறைந்த அமுக்கத்தில் வேலை செய்யும் அந்தப் பழைய இயந்திரங்கள் அதைத் தாங்கிக்கொண்டன. பெற்றோல் ஏன் கெடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பெற்றோல் ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்புவது அதிலுள்ள இலகுவான பகுதி. மாதக்கணக்கில் நின்றால் முதலில் பறந்துபோவதும் அதுதான். மிஞ்சியது எரியும், ஆனால் கிளம்பவிடாது. கோடைக்கென்று கலந்த பெற்றோலில் இந்த இலகு பகுதி முதலிலேயே குறைவு. அதை வைத்துக்கொண்டு தை மாதக் குளிரில் திறப்பைத் திருப்பினால் பற்றரிதான் இறங்கும். இன்னொரு பக்கம், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டுப் பிசின் உண்டாகிறது. அது காபுரேற்றரின் நுண்துளைகளில் படிந்து அடைத்துவிடும்.

2020 ஜனவரியிலிருந்து டென்மார்க்கில் சாதாரண 95 ஒக்ரேன் பெற்றோலில் 10 சதவீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். எதனோல் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எதனோலும் சேர்ந்து பிரிந்து, தாங்கியின் அடியில் தங்கும். இரும்புத் தாங்கி துருப்பிடிப்பது அங்கிருந்துதான். இன்றைய கார் இதைப் பெரும்பாலும் சமாளிக்கும். அதன் எரிபொருள் வழி மூடியது, ஆவியும் எளிதில் வெளியேறாது. எனக்குக் கவலை எல்லாம், அன்றைய காருக்குள் இன்றைய பெற்றோலை ஊற்றி அரை ஆண்டு நிறுத்துவதைப் பற்றித்தான். அதன் தாங்கி வெளிக்காற்றோடு தொடுப்பு உள்ளது. அதன் ரப்பர் குழாய்கள் எதனோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறி வெடிக்கும். 35 வயது தாண்டிய காருக்கு இங்கே எட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயப் பரிசோதனை. இடையில் அந்தக் குழாயைப் பார்க்கும் கண் உரிமையாளருடையது மட்டுமே.

ஆகவே நிறுத்துமுன், எதனோல் 5 சதவீதத்தைத் தாண்டாத உயர் ஒக்ரேன் பெற்றோலைத் தாங்கி நிறைய விட்டுவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடம் இருக்காது. நிலைப்படுத்தித் திரவம் சேர்ப்பதென்றால் அப்போதே சேர்த்து, அது காபுரேற்றர் வரை போகும்படி சற்று நேரம் இயந்திரத்தை ஓடவிடுங்கள். கெட்டபின் ஊற்றினால் பயனில்லை. பெற்றோல் கறுத்து, வார்னிஷ் போல மணத்தால் புதியதோடு கலக்க வேண்டாம். முழுவதையும் வடித்து, வடிகட்டியை மாற்றுங்கள். குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். நெருப்போ மின்பொறியோ கிட்ட வராத திறந்த வெளியில், கைப்பம்பியால் எடுங்கள்.

வடித்ததை என்ன செய்வது? முன்பு பல நாடுகளிலும் கராஜ்காரர்கள் பின்வளவில் ஊற்றிவிடுவார்கள், அல்லது குப்பை எரிக்க வைத்துக்கொள்வார்கள். டென்மார்க்கில் குழாய்நீர் ஏறக்குறைய முழுவதும் நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுகிறது, அதிகம் சுத்திகரிக்காமலே வீடுகளுக்கு வருகிறது. கொட்டகை வாசலில் ஊற்றிய பெற்றோல் மணலுக்குள் இறங்கி அந்த நீரைத்தான் தேடிப்போகும். 1990களில் எண்ணெய் நிறுவனங்கள் பணம் போட்டு, மூடப்பட்ட பெற்றோல் நிலையங்களின் மண்ணைச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் இதனால்தான். இன்று நகரசபையின் மறுசுழற்சி நிலையத்தில் அபாயக் கழிவுக்கென்று தனியிடம் உண்டு. இறுக மூடிய கலனில், உள்ளே இருப்பது இன்னதென்று எழுதி ஒட்டிக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள்.