கடல் தாண்டி வரும் தேன்பருந்து

பகாவ் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். சின்ன வயதில் தோட்டத்து லாரியில் கோலப்பிலா, சிரம்பான் வழியாகப் போய் அலையில் குளித்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுவோம். கடற்கரையில் ஓர் இரவு தங்க வேண்டும் என்ற ஆசை போன மார்ச் மாதம்தான் நிறைவேறியது. தஞ்சோங் துவான் முனைக்குப் பக்கத்து மணலில் கூடாரம் அடித்தோம். அம்மாவும் வந்திருந்தார்.

விடியலில் கூடாரத் துணியை விலக்கிப் பார்த்தேன். நீர் வெகுதூரம் வடிந்திருந்தது. ஈர மணல் முழுக்க மிளகளவு உருண்டைகள்! அசையாமல் குந்தியிருந்தேன். விரல் நகம் அளவுள்ள நண்டு ஒன்று வளையிலிருந்து வெளியே வந்தது. இரண்டு கொடுக்காலும் மாறி மாறி மணலை வாயில் அள்ளிப் போட்டது. மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களைச் சலித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளியது. வளையிலிருந்து ஒரு கோடு போகும். திரும்பி வந்து இன்னொரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கோலம் விழுந்துவிட்டது. நீர் ஏறினால் அத்தனையும் கரையும். வடிந்தால் மறுபடியும் முதல் புள்ளி. எங்கோ இருக்கும் சந்திரனுக்கும் இந்த நகத்தளவு உயிரின் பசிக்கும் முடிச்சுப் போட்டவன் எவ்வளவு பெரியவன்!

வெயில் ஏறியதும் முனையின் காட்டு வழியே கலங்கரை விளக்கத்துக்கு நடந்தோம். இப்போதுள்ள கோபுரம் 1863இல் கட்டப்பட்டது. நெகிரி செம்பிலானை ஒட்டிக்கொண்டிருந்தாலும் இந்தக் காடு மலாக்காவுக்குச் சொந்தம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் ஆயிரக்கணக்கில் கரையேறுவது இங்கேதான். மலாக்கா நீரிணை இந்த இடத்தில் சுமார் 38 கிலோமீட்டர்தான்.

பருந்து பறப்பது சிறகு பலத்தால் மட்டுமல்ல. வெயிலில் சூடான நிலத்திலிருந்து காற்று மேலெழும். அதில் வட்டமிட்டு உயர்ந்து, சிறகை விரித்தபடி சறுக்கிக்கொண்டே போகும். கடல் அப்படிச் சூடேறாது. அங்கே தூக்கிவிட ஆளில்லை. அதனால்தான் குறுகிய வழியைத் தேடி வருகிறது. வழி சொன்னது யார்?

அதன் முகமும் அதிசயம். உணவு, குளவிக்கூட்டிலும் தேனீக்கூட்டிலும் உள்ள புழுக்கள். பால்மரத்தில் குளவி கொட்டி முகம் வீங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பறவைக்கோ கண்ணைச் சுற்றியும் அலகின் அடியிலும் மீன்செதில் போல நெருக்கமான சிறு இறகுகள். கொடுக்கு எளிதில் நுழையாது.

நண்பகலுக்குச் சற்று முன்னால் ஒன்று தெரிந்தது. அலைக்கு மேலே தாழ்வாக, சிறகை அடித்து அடித்து, களைத்துப்போய் வந்தது. கரை மரங்களின் உச்சியைத் தொட்டதும் சிறகடிப்பு நின்றது. சிறகை விரித்து ஒரு வட்டம், அதற்கு மேல் இன்னொரு வட்டம். காட்டின் சூடு அதை ஏந்திக்கொண்டது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மேலே கருடன் வட்டமிடும்போது செய்வது போல.

"எவ்வளவு தூரத்திலேருந்து வருதோ, பாவம்."

"இன்னும் போகணும்மா. சிலது ஜப்பான் வரைக்கும் போகும்."

அம்மா பதில் பேசவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அலைக்கு மேலே இன்னும் மூன்று புள்ளிகள் வந்துகொண்டிருந்தன.