குதிரைமலைத் தலைவனும் ஔவையாரும்

இன்று தர்மபுரி என வழங்கும் தகடூரிலிருந்து அரசாண்டு, குதிரைமலைக்கு உரியவன் எனச் சங்கப் புலவரால் புகழப்பெற்ற அதியமான் நெடுமான் அஞ்சி, பெருமலைப் பிளவொன்றில் ஏறுதற்கரிய இடத்தில் பழுத்த நெல்லிக்கனியை, உண்டார்க்கு நீண்ட ஆயுள் தரும் அதன் மகிமையை வெளியிடாமலே ஔவையாருக்கு அளித்தான் என்பதைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டால் அறிகிறோம்.

இந்தச் சிநேகம் பிணக்கறியாததன்று. பரிசில் தாமதித்தபோது வாயிற்காவலனிடம் சினந்து பேசி, இசைக்கருவிகளைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட ஆயத்தமான புலவரையும் 206ஆம் பாட்டில் காண்கிறோம். அரசனிடத்தும் தலைவணங்காத அந்தக் கர்வமே நமக்கு அதிகம் பிடித்தது.

அவன் மாண்டபின், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்ப்பதைக் கண்டு, சிகரம் உயர்ந்த மலைகளையுடைய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை ஏற்பானோ என்று அவர் புலம்பினார் (புறம் 232). அவனுடைய நடுகல் கிடைத்திலது. எனினும், அவன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமி சாசனம் 1981ஆம் ஆண்டில் ஜம்பையில் கண்டறியப்பட்டது. பிற்காலத்து வீரர்களுக்கு தர்மபுரி மாவட்டத்துச் சிற்பிகள் செதுக்கிய நடுகற்களோ, வில்லும் வாளும் ஏந்திய கோலத்தில், ஆநிரைப் பூசலில் மாண்டவர்களைக் காட்டி, பல ஊர்களில் காணக் கிடைக்கின்றன.