சீழ்மார்பு சார்ந்த நிணநீர்ப் புற்றுநோய்

சீழ்மார்பு சார்ந்த நிணநீர்ப் புற்றுநோய் என்பது, நுரையீரலைச் சூழ்ந்துள்ள உறையின் இடைவெளியில் பல பத்தாண்டுகளாகத் தேங்கிநிற்கும் சீழின் சுவரில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோய் ஆகும். குருதி, நிணநீர் சார்ந்த புற்றுநோய்களுள் இது பரவலான பெரிய பி-உயிரணு நிணநீர்ப் புற்றுநோய் என்னும் வகையைச் சேர்ந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் வகைப்பாட்டில் இது "நாட்பட்ட அழற்சி சார்ந்த" புற்றுநோய் என்ற பிரிவில் இடம்பெறுகின்றது. இந்நோயாளிகளுட் பெரும்பாலோரின் புற்று உயிரணுக்களில் எப்சுட்டீன்-பார் வைரசு காணப்படுகின்றது. நெடுங்கால அழற்சியும் ஒரு வைரசும் சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கும் முறையை விளக்குவதற்கு இந்நோய் மிகத் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

இந்நோயின் வேர், காசநோய்க்கு மருந்து இல்லாதிருந்த காலத்துச் சிகிச்சை ஒன்றில் உள்ளது. நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து அதற்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறும் என்ற கருத்தை இத்தாலிய மருத்துவர் கார்லோ ஃபோர்லானினி 1882 இல் முன்வைத்தார். ஊசி வழியாக நுரையீரல் உறையின் இரு படலங்களுக்கும் இடையே காற்றையோ நைட்ரசனையோ செலுத்தி நுரையீரலை ஒடுங்கச் செய்வதே அம்முறை. இது செயற்கை வளிமார்பு எனப்பட்டது. உட்செலுத்திய வளி மெல்ல உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் ஊசி குத்த வேண்டியிருந்தது. சிலருக்கு இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இம்முறை பெருமளவிற் கையாளப்பட்டது. ஜப்பானில் 1950 வரை காசநோயே உயிரிழப்புக்கான முதற் காரணமாக இருந்தது என்பதைக் கருதினால், அங்கு எத்தனை இளைஞர்கள் இச்சிகிச்சைக்கு உட்பட்டிருப்பர் என்பதை ஊகிக்கலாம்.

1943 இல் இசுட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952 இல் ஐசோனியசிட் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் செயற்கை வளிமார்பு வழக்கொழிந்தது. ஆனால் அச்சிகிச்சை பெற்றவர்களுட் சிலரின் மார்பில் அதன் விளைவு எஞ்சியிருந்தது. ஒடுங்கிய நுரையீரல் முழுமையாக விரியாமல், இடைவெளியில் சீழ் தேங்கி, சுற்றியிருந்த உறை தடித்துச் சுண்ணாம்பு படிந்த கூடாக மாறியது. காசநோய் குணமாகிவிட்டதால் அவர்கள் வேலை, குடும்பம் என்று இயல்பான வாழ்க்கை நடத்தினர். சீழ்க்கூடு மட்டும் உள்ளேயே இருந்தது.

இவ்வாறு நாட்பட்ட சீழ்மார்பு உள்ளவர்களுக்கு அதன் சுவரிலேயே நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவதை 1987 இல் ஜப்பானிய மருத்துவர்கள் அறிவித்தனர். 1990களின் முற்பகுதியில், அப்புற்று உயிரணுக்களுள் எப்சுட்டீன்-பார் வைரசு இருப்பது கண்டறியப்பட்டது. 2002 இல் வெளியான, 106 நோயாளிகளைப் பற்றிய ஜப்பானிய ஆய்வு இந்நோயின் முழு உருவத்தைக் காட்டியது. சீழ்மார்பு அல்லது காசநோய் தோன்றியதற்கும் புற்றுநோய் தோன்றியதற்கும் இடைப்பட்ட காலம் 20 முதல் 64 ஆண்டுகள். இடைநிலை அளவு 37 ஆண்டுகள். ஐந்தில் நான்கு பங்கினர் செயற்கை வளிமார்புச் சிகிச்சை பெற்றவர்கள். பெண்களை விட ஆண்கள் ஏறத்தாழ 12 மடங்கு மிகுதியாக இருந்தனர். ஏறத்தாழ 70 விழுக்காட்டினரின் கட்டிகளில் வைரசு காணப்பட்டது.

மேலை நாடுகளிலும் இதே சிகிச்சை பரவலாக நடைபெற்றபோதும் அங்கு பதிவான நோயாளிகள் மிகச் சிலரே. இவ்வேறுபாட்டிற்கு மரபுவழிக் காரணங்கள் உண்டா என்பது ஆராயப்பட்டுள்ளது. உறுதியான விடை கிடைக்கவில்லை.

வைரசின் பங்கு

எப்சுட்டீன்-பார் வைரசு ஏர்ப்பீசு வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பர்க்கிட் நிணநீர்ப் புற்றுநோய் உயிரணுக்களில், 1964 இல் அந்தோணி எப்சுட்டீன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகியோர் இதனைக் கண்டனர். உலகில் வயது வந்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இவ்வைரசைச் சுமக்கின்றனர். உமிழ்நீர் வழியாகத் தொற்றும் இது, பி-உயிரணுக்களுள் வாழ்நாள் முழுவதும் உறங்குநிலையில் தங்கிவிடுகின்றது. அவர்களுட் பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கேடும் விளைவதில்லை. எனவே, வைரசு இருப்பது மட்டுமே புற்றுநோய்க்குக் காரணம் என்று கூறுவது தவறாகும்.

உறங்குநிலையில் வைரசு தன் மரபணுக்களுட் பெரும்பாலானவற்றை மூடிவைத்திருக்கும். சீழ்மார்பு சார்ந்த புற்றுநோயிலோ, பி-உயிரணுவைப் பெருகத் தூண்டும் ஈபிஎன்ஏ-2, எல்எம்பி-1 என்னும் வைரசுப் புரதங்கள் வெளிப்படையாக உருவாக்கப்படுகின்றன. இவற்றுள் எல்எம்பி-1, பி-உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள சிடி40 என்னும் ஏற்பியைப் போன்று செயற்படுகின்றது. சிடி40 ஏற்பி, துணை டி-உயிரணு வந்து தொட்டால்தான் "பெருகுக" என்ற குறிப்பை உள்ளே அனுப்பும். எல்எம்பி-1 க்கு அத்தகைய தொடுகை தேவையில்லை. அது எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். அதன் விளைவாக என்எஃப்-கப்பா-பி என்னும் மரபணு ஆளி திறந்தபடியே இருந்து, உயிரணு இறவாமல் பெருகுகின்றது.

நலமுள்ள ஒருவரின் உடலில் இப்புரதங்களைக் காட்டும் உயிரணுவைக் கொல்லும் டி-உயிரணுக்கள் உடனே அழித்துவிடும். உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், எயிட்சு நோயாளிகள் போன்று நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடமே இத்தகைய உயிரணுக்கள் தப்பிப் பெருகுவது வழக்கம். சீழ்மார்பு நோயாளிகளுக்கு அவ்வாறான பொதுக் குறைபாடு இல்லை. அப்படியாயின் உயிரணுக்கள் எவ்வாறு தப்புகின்றன என்பதே இந்நோயின் மையக் கேள்வி.

அழற்சியின் பங்கு

அதற்கு விடை அந்தச் சீழ்க்கூட்டில் உள்ளது. சுண்ணாம்பு படிந்த தடித்த சுவருக்குட்பட்ட அவ்விடம் உடலின் பிற பகுதிகளிலிருந்து ஏறத்தாழ அடைபட்டது. காவல் புரியும் உயிரணுக்கள் அங்கு போதிய அளவில் சென்று சேர்வதில்லை. புற்று உயிரணுக்கள் தாமே இன்டர்லியூக்கின்-10 என்னும் பொருளைச் சுரந்து டி-உயிரணுக்களை அடக்குகின்றன. வைரசின் துண்டுகளை வெளியே காட்டும் எச்எல்ஏ மூலக்கூறுகளையும் அவை குறைத்துக்கொள்வதுண்டு.

அழற்சி வேறு இரு வகைகளிலும் துணைசெய்கின்றது. முதலாவது, அழற்சியுற்ற இடத்தில் மிகுந்து காணப்படும் இன்டர்லியூக்கின்-6 பி-உயிரணுக்களுக்கு வளர்ச்சி ஊக்கியாகும். இரண்டாவது, சீழிலுள்ள வெள்ளையணுக்கள் நுண்ணுயிரிகளைக் கொல்வதற்காக வெளியிடும் வினைமிகு ஆக்சிசன் பொருட்கள் அருகிலுள்ள உயிரணுக்களின் மரபணுக்களையும் சிதைக்கின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகள் இது நிகழும்போது பிழைகள் சேர்கின்றன. உயிரணுவின் பிழைகளைக் கண்டு நிறுத்தும் பி53 மரபணுவின் சிதைவு இக்கட்டிகளில் அடிக்கடி காணப்படுவது இதற்குச் சான்று. சுருங்கக்கூறின், வைரசு உயிரணுவைப் பெருகச் செய்கின்றது. அழற்சி அதனை மறைத்தும் ஊட்டியும் சிதைத்தும் புற்றாக்குகின்றது.

எல்லா இடங்களிலும் இவ்விரண்டின் உறவு ஒன்றுபோல் இருப்பதில்லை. கல்லீரல் அழற்சி-சி வைரசு பி-உயிரணுவை நேரடியாக மாற்றுவதை விட, ஓயாது எதிர்ப்பைத் தூண்டியே நிணநீர்ப் புற்றுக்கு வழிகோலுகின்றது எனக் கருதப்படுகின்றது. 2002 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், இவ்வைரசும் மண்ணீரல் நிணநீர்ப் புற்றும் உடைய 9 பேருக்கு இன்டர்பெரான் கொடுக்கப்பட்டது. வைரசு நீங்கிய 7 பேருக்குப் புற்றும் முழுமையாக அடங்கியது. வைரசு இல்லாத 6 நோயாளிகளுக்கு அதே மருந்து பயன் தரவில்லை. தூண்டுதல் நின்றதும் புற்று பின்வாங்கியதையே இது காட்டுகின்றது. சீழ்மார்பு சார்ந்த புற்றில், கண்டறியப்படும் வேளையில் அந்நிலை கடந்துவிட்டிருக்கும்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

மார்பு வலி, முதுகு வலி, காய்ச்சல், இருமல், இருமலில் குருதி, மூச்சுத்திணறல் ஆகியன முக்கிய அறிகுறிகள். சிலருக்கு மார்புச் சுவரில் வீக்கம் தோன்றும். இவை யாவும் காசநோய் திரும்பிவிட்டதாகவோ பழைய சீழ் கிளர்ந்துவிட்டதாகவோ எளிதில் எண்ணவைக்கும். சீழை மட்டும் எடுத்துச் சோதித்தால் புற்று உயிரணுக்கள் தென்படாமற் போகலாம். ஆகவே, பழைய சீழ்மார்பு உள்ள ஒருவருக்குப் புதிதாக வலி தோன்றினால், கணினி வழி வெட்டுப்படம் எடுத்து, கூட்டின் சுவரில் திரண்ட கட்டி உள்ளதா எனப் பார்த்து, அங்கிருந்து திசு எடுப்பது இன்றியமையாதது. திசுவில் ஈபர் எனப்படும் வைரசின் சிறு ஆர்.என்.ஏ. தேடப்படும்.

நுரையீரல் உறையில் நீர் கோத்து, கட்டி இல்லாமலேயே தோன்றும் மற்றொரு நிணநீர்ப் புற்று உண்டு. அது மனித ஏர்ப்பீசு வைரசு-8 ஆல் ஏற்படுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

சிகிச்சை

வேதிச்சிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, இயன்றவிடத்து அறுவை ஆகியன கையாளப்படுகின்றன. நோயாளிகள் முதியவர்கள்; ஒரு பக்க நுரையீரல் முன்பே செயலிழந்தவர்கள். எனவே முழு அளவில் மருந்து கொடுப்பது பலருக்கு இயலாது. மேற்குறித்த 106 பேர் ஆய்வில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஏறத்தாழ 22 விழுக்காடு மட்டுமே.

பிற இடங்கள்

நாட்பட்ட எலும்பழற்சி, ஆறாத காற்புண், உடலில் பொருத்திய உலோக மூட்டு ஆகியவற்றை அடுத்தும் இதே வகைப் புற்று அரிதாகத் தோன்றியுள்ளது. இதயக் கட்டிகளிலும் செயற்கை வால்வுகளிலும் படியும் ஃபைப்ரின் திரளில், அதே வைரசுடன் கூடிய புற்று உயிரணுக்கள் சில வேளைகளில் தற்செயலாகக் காணப்படுகின்றன. இவை சுற்றியுள்ள திசுவில் ஊடுருவுவதில்லை; அறுவையால் அகற்றினாலே பெரும்பாலும் குணமாகும். எனவே 2022 ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இவை தனி வகையாகப் பிரிக்கப்பட்டன.

1950களின் தொடக்கத்தில் இருபது வயதிற் செயற்கை வளிமார்பு பெற்றவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்தவர்கள். ஆதலால் சீழ்மார்பு சார்ந்த வகை ஜப்பானிலும் அருகி வருகின்றது.