தவணை போக மிஞ்சும் பணம்

கடன் கட்ட முடியாமல் தடுமாறும் குடும்பம் வங்கியோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வருவதில் பல வகை உண்டு. கிரெடிட் கார்டு பாக்கியை மாதத் தவணையாக மாற்றிக்கொள்ளலாம். தனிநபர் கடனின் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது குறைத்துப் பேசிய ஒரு தொகையைச் சில தவணைகளில் கட்டிக் கணக்கை முடிக்கலாம். கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால், ஒரு லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாதம் 3,500 ரூபாய். மினிமம் தொகையை மட்டும் கட்டி வந்தவர்களுக்கு அசல் கரையாமல் நின்றதன் காரணம் இதுதான். ஏற்பாடு வந்ததும் அந்த இழப்பு குறைகிறது. ஆனால் அதுவரை கார்டு தாங்கிய மளிகையையும் மருந்தையும் இனிச் சம்பளம்தான் தாங்க வேண்டும். புதிய வாழ்க்கையின் சிரமம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வேலை, தவணை போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கையும் கூகுள் பே, போன்பே பட்டியலையும் வரி வரியாகப் பார்த்தால், மனக்கணக்கில் வராத செலவுகள் எல்லாம் வெளியே வரும். வாடகை, அரிசி பருப்பு, கேஸ், மின்சாரம், மருந்து, வேலைக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றை முதலில் ஒதுக்க வேண்டும். இவற்றைக் குறைத்துக் கட்டும் தவணை நெடுநாள் ஓடாது. வசூல் ஆட்களின் நெருக்குதலில், தாங்க முடியாத தொகைக்குத் தலையாட்டிவிடுபவர்கள் உண்டு. அப்படி ஆகியிருந்தால், தவணை தவறிய பிறகு விளக்கம் சொல்வதைவிடத் தவறுவதற்கு முன்பே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துத் தொகையைக் குறைக்கக் கேட்பது நல்லது.

மாதக் கணக்கில் கவனமாக இருக்கும் குடும்பங்களும் சறுக்குவது மாதாமாதம் வராத செலவுகளில்தான். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, ஆண்டுக்கொரு முறை காப்பீட்டு பிரீமியம், அரையாண்டுக்கொரு முறை சொத்து வரி, எப்போதாவது வண்டிக்கு டயர். இவற்றில் எதுவும் எதிர்பாராதது அல்ல, நாள் தெரிந்தே வருபவைதான் பெரும்பாலும். ஒரு குடும்பத்துக்குப் பள்ளிக்கு 30,000, காப்பீட்டுக்கு 12,000, தீபாவளிக்கு 12,000, வரிக்கும் வண்டிக்கும் 6,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். மாதம் 5,000. இந்த ஐயாயிரத்தை எழுதாத பட்ஜெட், மிச்சம் இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும். ஜூன் வந்ததும் நகை அடகுக்குப் போகும், அல்லது லோன் ஆப் திறக்கப்படும். சம்பளம் வந்த அன்றே இந்தப் பணத்தைத் தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, அந்தக் கணக்கை யுபிஐ செயலியோடு இணைக்காமல் வைத்தால் கை போகாது. முதல் ஆண்டில் முழுத் தொகையையும் ஒதுக்க முடியாமல் போகலாம். அப்போது குறைய வேண்டியது பண்டிகைத் துணிமணிதான், பள்ளிக் கட்டணத்துக்கான பங்கு அல்ல.

மொய்யும் இந்த வகைதான். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் வரிசையாகப் பத்திரிகை வரும். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது மரியாதை சம்பந்தப்பட்ட கடன். வங்கியிடம் கொடுத்த பட்டியலில் அது இருக்காது, வீட்டு மொய் நோட்டில் இருக்கும். அந்த நோட்டைப் பார்த்து, இந்த ஆண்டு யார் யாருக்குச் செய்தாக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது, பத்திரிகை வந்த பிறகு கைமாற்றுக்கு அலைவதைத் தவிர்க்கும். வீட்டில் எல்லோருக்கும் நிலைமை தெரிந்திருப்பதும் இதற்காகத்தான் முக்கியம். கணவனோ மனைவியோ தனியாக மறைத்துச் சுமக்கும் கடனில் சிக்கனம் நிலைப்பதில்லை.

அன்றாடச் செலவில் சேமிக்க வழிகள் இருக்கின்றன, ஆனால் பெரிய அதிசயங்கள் இல்லை. ரேஷன் அரிசியும் பருப்பும் பாமாயிலும் கௌரவக் குறைச்சல் அல்ல. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மின்கட்டணத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடிய விகிதம் விழும். ஏசி ஓடும் கோடையில் அந்த எல்லையைக் கவனிப்பது நேரடியாகப் பணம். பாலையும் பழத்தையும் குழந்தைகளிடமிருந்து பறித்துச் சேர்க்கும் சிக்கனம் தேவையற்றது. உண்மையில் அது கொடுமை.

தவணை நாள் சம்பளம் வரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி இருக்கும்படி கேட்டு வாங்க வேண்டும். கணக்கில் பணம் இல்லாமல் தானியங்கிப் பிடித்தம் திரும்பினால் சொந்த வங்கி ஒரு அபராதமும் கடன் தந்தவர் இன்னொரு அபராதமும் போடுவது வழக்கம். ஒரு தவணையை அடைக்கக் கந்துவட்டியோ மீட்டர் வட்டியோ வாங்குவது செய்துகொண்ட ஏற்பாட்டையே அழித்துவிடும். இந்த வட்டிகளைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்காரரை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புகாருக்கு 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடைசித் தவணை முடிந்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு கடன் அறிக்கையைப் பார்க்க வேண்டும். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முழுத் தொகையும் கட்டிய கடன் அதில் ‘குளோஸ்டு’ என்றும், குறைத்துப் பேசி முடித்த கடன் ‘செட்டில்டு’ என்றும் இருக்கும். இரண்டாவதைப் பார்க்கும் வங்கிகள் புதுக் கடன் தரத் தயங்கும். முழுவதும் கட்டியும் பாக்கி இருப்பதாகக் காட்டினால் திருத்தக் கோரலாம். 30 நாளில் புகார் தீராவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.