குசினிக்கும் கணக்கு வேண்டும்

கொத்மலைப் பக்கம் கடைக்கு மேல்மாடியில் குடும்பம் நடத்தும் வியாபாரிகளே! அதிகம் விலைப்படும் சாமானைக் கைக்கெட்டும் றாக்கையில் வைக்கும் நாம், வீட்டுக் குசினியை மட்டும் ஏன் பாஸின் இஷ்டத்துக்கு விடுகிறோம்?

1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மாடிவீடுகளுக்காக மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண்மணி வரைந்த குசினி 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டே அடுப்புக்கும் சிங்குக்கும் இடம் குறித்தார்.

சாமான் வைப்பது, கழுவுவது, வெட்டுவது, சமைப்பது என்ற ஒழுங்கில் தரையில் சோக்கால் கோடு போடுங்கள். சமைப்பவர் நடந்து பார்க்கட்டும். பிறகு பலகை வெட்டலாம்.

குளிருக்கு ஜன்னலை அடைத்து விடுகிறோம். கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தங்கும். சிலிண்டர் வைக்குமிடத்தில் வெளிச்சுவரின் அடியில் காற்றுத் துவாரம் விடுங்கள். பாஸிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.